வயிற்றைத் தொட எத்தனை மார்க்?

"வயித்தைத் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க டாக்டர். நீட்ல எத்தனை மார்க்கு?"

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவுக் கட்டிலில் வலது அடிவயிற்றைப் பிடித்தபடி படுத்திருந்த சுருளிராஜன்தான் இப்படிக் கேட்டார். காலையிலிருந்து வலி. வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

பணியில் இருந்த இளம் டாக்டர் கார்த்திக்ராஜ், நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்.

"ஐயா, குடல்வால் வீங்கியிருக்க மாதிரி தெரியுது. இன்னும் லேட் பண்ணா வெடிச்சிரும்."

"அதான் கேக்குறேன். சீக்கிரம் சொல்லுங்க. எந்த வருஷம் எழுதுனதுன்னும் சேத்துச் சொல்லுங்க. வருஷத்துக்கு வருஷம் மதிப்பு மாறும்."

"ஏங்க, சும்மா படுங்க" என்றாள் மனைவி முனீஸ்வரி. அவர் காதில் வாங்கவில்லை.

"ரெண்டாயிரத்துப் பத்தொன்பது. நானூத்தி முப்பது" என்றார் கார்த்திக்ராஜ். "அதுக்கும் இதுக்கும் என்னங்கய்யா சம்பந்தம்? அதுக்கப்புறம் அஞ்சரை வருஷம் படிச்சிருக்கோம்."

"அஞ்சரை வருஷம் எல்லாருந்தான் படிக்கிறாக. அதுல வித்தியாசம் தெரியாது. எழுநூத்தி இருபதுக்கு நானூத்தி முப்பது மோசமில்ல. சளி, காய்ச்சல்னா உங்ககிட்டயே காட்டியிருப்பேன். இது கத்தி வைக்கிற சோலி. வேற யாரும் இருக்காகளா?"

அதே பரீட்சையை மறுபடி எழுதி, இந்தத் தடவை கோட்டை விட்டவர் போல, கார்த்திக்ராஜ் வெளியே போனார்.

பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டுக் காலோடு கிடந்த அழகர் தலையைத் தூக்கினார்.

"அண்ணே, இம்புட்டு விவரமா இருக்கீகளே, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எம்மக நீட் எழுதுனா. பெர்சென்டைல் தொண்ணூறுன்னு வந்துச்சு. நூத்துக்குத் தொண்ணூறுன்னு தெருப்பூராம் லட்டு குடுத்துட்டேன். இப்பச் சீட்டு இல்லேங்கிறாக."

"அது மார்க்கு இல்லய்யா" என்றார் சுருளிராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு. "நூறு பேரு எழுதுனா தொண்ணூறு பேரு உம்ம மகளுக்குப் பின்னால நிக்கிறாகன்னு அர்த்தம்."

"அப்ப முன்னால பத்தே பேருதான?"

"நூறு பேரு எழுதுனாத்தான் பத்து. எழுதுனது இருபது லட்சம் பேரு. ரெண்டு லட்சம் பேரு முன்னால நிக்கிறாக."

அழகர் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"லட்டை இனித் திருப்பிக் கேக்க முடியாது" என்றார்.

"இதாவது தேவல. இடஒதுக்கீட்டுல வர்ற நம்ம ஆளுகளுக்கு நாப்பது பெர்சென்டைல் வந்தாலே தகுதின்னு சொல்லிருவாக. நூறு பேர்ல அறுபது பேருக்குப் பின்னால நிக்கிறவன். எழுநூத்தி இருபதுக்கு நூத்திச் சொச்சம் எடுத்திருப்பான்."

"அவனும் டாக்டருக்குப் படிக்கலாமா?"

"சர்க்கார் காலேஜ்ல வாசலைக்கூட மிதிக்க முடியாது. அப்பனுக்கு வசதி இருந்தா மேனேஜ்மென்ட் சீட்டுல போயிரலாம்."

"அந்த அப்பன்களைச் சொல்லணும்ணே. நாளைக்கு அவன்ட்ட எவன் போய்ப் படுப்பான்?"

முனீஸ்வரி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். சுருளிராஜன் முனகிக்கொண்டே ஒருக்களித்துப் படுத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் டாக்டர் வந்தார்.

"ஐயா, நான் ஜாய்ஸ். ஊரு போடி. கார்த்திக் சொல்லித்தான் அனுப்புனாரு. அதே வருஷம், ஐநூத்தி எண்பத்தி ரெண்டு. போதுமா?"

"நல்ல மார்க்கு. எத்தனை கேள்வியைத் தொடாம விட்ட?"

"அது எதுக்குய்யா?"

"தப்பா அடிச்சா ஒரு மார்க்கைப் பிடிச்சிருவாகள்ல. தெரியாததை விட்டுட்டுப் போற ஆளா, குருட்டாம்போக்குல அடிக்கிற ஆளான்னு அதுலதான் தெரியும். என் வயித்துக்குள்ள குருட்டாம்போக்கு ஆகாது."

ஜாய்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "பன்னெண்டு கேள்வி. தெரியல, தொடல."

"இங்கன வா ஆத்தா" என்று சட்டையைத் தூக்கினார் சுருளிராஜன்.

ஜாய்ஸ் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்ததும் அவர் போட்ட சத்தத்தில் அழகரின் கட்டுக் காலே ஆடியது.

"குடல்வால்தான். கார்த்திக் சொன்னது சரி. உடனே ஆபரேஷன் பண்ணணும். பெரிய டாக்டர் பண்ணுவாக."

"அவுகளுக்கு எத்தனை பெர்சென்டைல்?"

"அவுக படிக்கிறப்ப நீட்டே கிடையாதுங்கய்யா."

சுருளிராஜன் யோசிக்கப் பார்த்தார். வலி விடவில்லை.

"தலை நரைச்சிருக்கா?"

"முழுசா."

"அப்பச் சரி."

அவரைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். கூடவே நடந்த ஜாய்ஸ் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருங்கய்யா?"

"உத்தமபாளையம்."

"அங்கருந்தா இந்த வலியோட வந்தீக? அங்கனயே புதுசா ஒரு ஆஸ்பத்திரி திறந்திருக்காகளே, முன்பக்கம் பூராம் கண்ணாடி போட்டு. சின்னமனூர் வரைக்கும் ஃப்ளெக்ஸ் வச்சிருக்காக. அங்க போயிருந்தா காலையிலயே பாத்திருப்பாகள்ல?"

சுருளிராஜன் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

"ஃப்ளெக்ஸ் வச்சதே நான்தான் ஆத்தா" என்றார் அவர். "உள்ள உக்காந்திருக்க டாக்டரு எம்மகன்."