விடுதிக் குரல்

"அம்மா, வார்டன் ஒரு கதை சொன்னார். கிரேக்க நாட்டுல, ஸ்பார்ட்டாங்கிற ஊர்ல, அந்தக் காலத்துல ஏழு வயசுப் பசங்களை வீட்டைவிட்டுக் கூட்டிட்டுப் போயிருவாங்களாம். அழுதா அடிப்பாங்களாம். அவங்க எப்பம்மா வீட்டுக்கு வந்தாங்க?"

வளைகுடா நாடொன்றின் மங்காஃப் நகர ஃபிளாட்டில் வடிவு அந்தக் குரல்பதிவை மறுபடியும் ஓடவிட்டாள். ஊட்டி விடுதியில் சேர்த்த புதிதில் மகன் தருண் அனுப்பியது.

"போதும், வடிவு. அந்தப் புள்ள இனிமே வராது," என்றான் கணவன் அன்பரசன்.

"ஒழுங்கா வளருவான்னு அங்க கொண்டுபோய் விட்டது நீங்கதானே?"

அவன் கைபேசியை அவளிடமிருந்து வாங்கி அணைத்தான்.

அறைக்கதவு மெல்லத் தட்டப்பட்டது. படிப்பு முடிந்து நேற்றுத் திரும்பிவந்த தருண், இப்போது அப்பாவைவிட உயரமாக வளர்ந்தவன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"சாப்பிட்டுத் தட்டைக் கழுவிட்டேன். உள்ள வரலாமா, மேடம்?"