தாரகையின் முதல் கோபம்

ஒன்பது வயதுத் தாரகை வளர்ப்புப் பிள்ளையாக வந்த நாள்முதல், திலகா வீட்டுச் சுவரில் அரசு மாட்டியிருந்த மதிப்பீட்டுப் பெட்டி மாதாமாதம் ஒரே பல்லவியைப் பாடியது.

"குழந்தை மிக மரியாதையாக நடந்துகொள்கிறாள். இன்னும் விருந்தாளிதான். பராமரிப்பு முறை பலிக்கவில்லை."

இந்த மாதமும் பலிக்காவிட்டால் அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். திலகாவும் கணவர் பழனிவேலும் பயந்துபோனார்கள். சொந்த வீட்டுப் பிள்ளைபோல் அவளுக்குக் கோபம் வரட்டும் என்று தினமும் பாகற்காய் சமைத்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று தாரகை தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பழனிவேல் டிவியில் பட்ஜெட் விவாதம் வைத்தார். அதையும் கைகட்டிப் பார்த்தாள்.

கடைசி வாரம், திலகா அவளுக்குத் தலை பின்னும்போது சீப்பு சிக்கில் மாட்டிச் சுரீரென்று இழுத்துவிட்டது. நிஜமாகவே தெரியாமல் நடந்ததுதான்.

"வலிக்குது! உனக்குப் பின்னவே தெரியல! போ, நான் ஸ்கூலுக்கே போகல!"

சீப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

"வாழ்த்துகள்" என்றது பெட்டி. "குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள்."

திலகா அதைக் காதில் வாங்கவே இல்லை. "ஏனுங்க, கேட்டீங்களா? என்னைய 'உனக்கு'ன்னு சொல்லிட்டா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"கண்ணு, இன்னொருக்கா திட்டு."