பெறாத பிள்ளை

மூன்றாவது பல் டாக்டரும் அதையேதான் கேட்டார். "ஒங்க வூட்ல யாருக்கும்மா இந்த மாதிரி இருக்குது?"

ஏழு வயது மெர்லினுக்குப் புருவம் இல்லை. வாயில் ஆணி மாதிரிக் கூரான இரண்டு பற்கள் மட்டும். பரம்பரையாக வரும் அபூர்வக் கோளாறு என்றார்.

ஜெசிந்தாவுக்கு எரிச்சல் பொங்கியது. "நான் பெத்த புள்ள இல்லீங்க டாக்டர். கைக்கொழந்தையா தத்து எடுத்தது. என்னக் கேட்டா இன்னா தெரியும்?"

டாக்டர் நம்பவில்லை. அவளுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இதோடாவது தொல்லை விடட்டும் என்று எடுத்துக்கொண்டாள்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "அப்புறம் ஏம்மா பொய் சொல்றீங்க?" என்றார். அவளுடைய முன்பற்களுக்கு மேலே, ஈறுக்குள், கூரான இரண்டு பற்கள் முளைக்கக் காத்திருந்தன.

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தலுக்குப் போகும் பஸ்ஸில் ஜெசிந்தா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொய்க்காரி என்ற பெயர்தான் மிச்சம். ஆத்திரத்தில் கண்கள் நிறைந்தன. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். புருவ மயிர் மொத்தமும் துணியோடு வந்துவிட்டது.

மடியில் கிடந்த மெர்லின் எழுந்து அவள் நெற்றியை ஆசையாகத் தடவினாள்.

"இப்பதாம்மா நீ எங்க அம்மா மாரியே இருக்கிற."