நிற்காத தண்ணீர்

“ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கு மேஸ்திரி. நீங்களே வந்து பார்த்துக்குங்க” என்றாள் டிரைவரின் மனைவி.

டைல்ஸ் மேஸ்திரி பஸ்ஸுக்குள் ஏறிப் பின்பக்கம் போனார். கடைசி வரிசை இருக்கை இருந்த இடத்தில் இப்போது மூன்றுக்கு மூன்றடியில் ஒரு குளியலறை. தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, தரையில் நாலு விரக்கடைக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். ஒரு முழு நாள் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றால் தரை ஒழுகவில்லை என்று அர்த்தம். நிற்கவில்லை. இது மூன்றாவது தடவை.

“போன தடவை பஸ் சாய்வா நிக்குதுன்னீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இன்னிக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“சொல்ல ஒண்ணுமில்ல அண்ணி. ரெண்டு தடவை பிரிச்சுப் போட்டாச்சு. ஓடுற வண்டி ஆடும், வெறும் சிமெண்டு விரிஞ்சுடும்னு ரப்பர் பூச்சு மூணு கை அடிச்சிருக்கேன். மூலைக்கு மூலை வலைத்துணி வச்சு ஒட்டியிருக்கேன். இருபத்தாறு வருஷத்துல நான் போட்ட மொட்டை மாடி ஒண்ணுகூட ஒழுகினதில்ல.”

“மொட்டை மாடி எந்த ஊருக்குக் கிளம்பிப் போச்சு?”

“தொழில்காரரைப் போட்டு வறுக்காதே” என்றார் டிரைவர். ஸ்டியரிங் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றதும், தான் ஓட்டிய பஸ்ஸையே ஏலத்தில் எடுத்து வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தியவர். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்தாயிற்று. குளியலறை முடிந்தால் இருவரும் ஊர் சுற்றப் புறப்பட வேண்டியதுதான்.

“முப்பத்திநாலு வருஷம் ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் ஏத்திட்டுப் போனீங்க. உங்க பஸ்ல நான் ஏறினது நாலே தடவை. நாலு தடவையும் டிக்கெட் எடுத்துக்கிட்டுத்தான். இப்ப என்ன திடீர் ஊர்கோலம்? பேசாம இதை வித்துடுங்க. கோழி வளர்க்கவாவது எவனாவது வாங்குவான்.”

அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள்.

மேஸ்திரி பஸ்ஸுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் படுத்துப் பார்த்தார். குளியலறைக்கு நேர் கீழே தகரத்தைத் தடவினார். கையில் புழுதிதான் ஒட்டியது. கீழே மண்ணிலும் ஈரம் இல்லை. ரெண்டு விரக்கடைத் தண்ணீர் எப்படி மாயமாகும்?

எழுந்து வந்து டிரைவரின் பக்கத்தில் குனிந்தார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒழுகல் இல்ல. யாரோ மொண்டு வெளியில ஊத்துறாங்க. அண்ணிக்கு இந்தப் பயணத்துல இஷ்டமில்ல போலிருக்கு.”

டிரைவர் ஸ்டியரிங்கையே தடவிக்கொண்டிருந்தார்.

“அவளை ஒண்ணும் சொல்லாதே. ஊத்தினது நான்.”

“நீங்களா?”

“கண்ணு போயிடுச்சுப்பா. நேரா பார்த்தா நடுவுல கறுப்பா ஒரு ஓட்டை. ஓரம் மட்டும்தான் தெரியுது. சைக்கிளைக்கூடத் தொடாதேன்னுட்டார் டாக்டர். நாலு மாசமாச்சு.”

“அண்ணிகிட்ட சொல்லலியா?”

“என்னன்னு சொல்ல? ரிட்டையர் ஆனதும் உனக்கே உனக்குன்னு வண்டி ஓட்டுறேன்னு கல்யாணமான புதுசுலேருந்து சொல்லி வச்சிருக்கேன். வாய்தான் அப்படிப் பேசுவா. பெட்டிக்குள்ள புதுப் போர்வை வாங்கி மடிச்சு வச்சிருக்கா. அதான், தரை ஒழுகுற வரைக்கும் ஒழுகட்டும்னு…”

மேஸ்திரிக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது.

“நல்ல தரையை ரெண்டு தடவை என் கையாலயே உடைக்க வச்சுட்டீங்களே அண்ணே. நேத்து ஒருத்தர் வீட்டுல பேசி வச்ச வேலையை வேண்டாம்னுட்டாங்க. ‘நீங்க போட்டது ஒழுகுதாமே’ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க.”

டிரைவர் அவர் கையைத் தேடிப் பிடித்தார். “மன்னிச்சுக்கோ. இன்னிக்கு ஒரு தடவை தண்ணி கட்டு. நான் தொட மாட்டேன். நாளைக்கு வந்து, தரை கெட்டியா இருக்குன்னு அவ முன்னாலயே சொல்லு. அதுக்கு மேல நான் எப்படியாவது வாயைத் திறந்துடறேன்.”

மேஸ்திரி கோடு வரை தண்ணீர் கட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழே கிடந்தது.

டிரைவர் குந்தி உட்கார்ந்து ஈரத்தை விரலால் தடவித் தடவி அளந்தார். “சத்தியமா நேத்து நான் இந்தப் பக்கமே வரலப்பா. அப்போ நிஜமாவே ஒழுகுதா?” என்றார். குரலில் பயம் இருந்தது. இன்னும் ஒரு நாள் கிடைத்துவிட்ட ஆறுதலும் இருந்தது.

மேஸ்திரி அடியில் பார்க்க இறங்கினார். பின் சக்கரத்தை ஒட்டி அவள் நின்றிருந்தாள். இன்று வாயில் குத்தல் இல்லை.

“அடியில போய்ப் பார்க்காதீங்க தம்பி. தரையில குத்தமில்ல, எனக்கு முதல் நாளே தெரியும். பஸ் தகரம்தான் மட்டம்னு அக்கம்பக்கத்துல நானே சொல்லிக்கிறேன், உங்க பேரு கெடாது. இன்னும் கொஞ்ச நாள் ஒழுகுதுன்னே சொல்லுங்க.”

“அண்ணி, அவருக்கு…”

“கண்ணு போனது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சுடுவார்” என்றாள் அவள், பஸ் ஜன்னலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. “ஒவ்வொரு தடவையும் அவரேதான் மொண்டு ஊத்துவார். நேத்து என்னவோ மறந்துட்டார், அதான் நான் ஊத்தினேன்.”