நாலே முக்கால்

தென்னூர் வைத்திலிங்கம் தன் நாய் டைகருக்கு ஒரே ஒரு வித்தைதான் கற்றுக்கொடுத்தார். "வீட்டுக்குப் போ" என்றால் எங்கிருந்தாலும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதற்கு ஆறு மாதமும் நாலு டின் பொறை பிஸ்கட்டும் ஆயிற்று.

1961 மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் வரை நடத்திப்போய், சரியாக ஐந்து மணிக்குக் கயிற்றை அவிழ்த்து, "வீட்டுக்குப் போ" என்றார். டைகர் காவிரிப் பாலத்தில் ஓடி மறைந்தது. அவர் பஸ்ஸில் திரும்பினார்.

"நாய் எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்று மனைவி செங்கமலத்திடம் கேட்டார்.

"நாலே முக்காலுக்கு."

"கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறதில்லையா நீ?" என்று சலித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கடிகாரத்தை அவரே சரிபார்த்துவிட்டுப் புறப்பட்டார். ஆனால் அம்மா மண்டபத்தில் ஏனோ கயிற்றை அவிழ்க்க மனம் வரவில்லை. கயிற்றைக் கையில் பிடித்தபடியே நாயோடு நடந்து வீடு வந்தபோது மணி ஆறரை.

செங்கமலம் கதவைப் பாதி திறந்தாள்.

"எங்க நாய் நாலே முக்காலுக்கே வந்துடுச்சுங்க. பின்னாடியே அவரும் வந்துட்டாரு. காப்பி ஒண்ணுதான் போட்டேன், அதை அவரு குடிச்சிட்டாரு."

"எவரு?"

உள்ளே இருமல் கேட்டது. மார்கழியிலிருந்து வைத்திலிங்கத்தை விடாத அதே இருமல்.

"செங்கமலம், வாசல்ல யாரு?" குரலும் அவருடையதுதான். பிறகு அந்தக் குரல் நிதானமாக, "வீட்டுக்குப் போ" என்றது.

கற்ற வித்தையை டைகர் மறக்கவில்லை. வைத்திலிங்கத்தின் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு, காவிரிப் பாலம் இருக்கும் திசையில் இழுக்க ஆரம்பித்தது.