பக்கத்து வீட்டுக் கேள்விக்குறி

ஒரு விசைப்பலகையில் ஷிப்டும் கேள்விக்குறியும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஷிப்டை அழுத்திப் பிடித்திருந்தால்தான் கேள்விக்குறி வெளியே வரும். இல்லாவிட்டால் அதே வாசலில் ஒரு சாய்கோடு வந்து நிற்கும்.

பக்கவாதம் வந்த பிறகு பத்மாசனி சொன்னபடி கேட்பது ஒரே ஒரு விரல்தான். அச்சகத்தில் பிழை திருத்தியவர் அவர். தன்னோடு பேச்சு விட்டுப்போன தங்கைக்கு ‘வீட்டுக்கு வருவியா’ என்று தட்டுவார். முடிவில் சாய்கோடு விழும். பிழையோடு அனுப்ப மனம் வராமல் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

“கொஞ்சம் பொறுத்தா என்ன?” என்று கெஞ்சியது கேள்விக்குறி.

“பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் நான். விட்டா விட்டதுதான்” என்றது ஷிப்ட்.

ஒரு மத்தியானம், கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெர்னதெத் கணினியில் ஓர் அமைப்பை மாற்றினார். இனி ஷிப்டை ஒருமுறை தொட்டாலே போதும். அடுத்த விசை விழும்வரை அது அப்படியே இருக்கும்.

விரல் ஷிப்டைத் தொட்டது, விலகியது. ஷிப்ட் வழக்கம்போல் விட்டுவிடப் பார்த்தது, முடியவில்லை. ஜன்னல் திரை காற்றில் உப்பி மெல்ல அடங்கியது. குளத்தில் மிதக்கும் இலை மாதிரி, நடுங்கும் விரல் பக்கத்து வீட்டுக்கு வழி தேடிக்கொண்டிருந்தது.

“அதான் விட்டுட்டாங்களே, இன்னும் ஏன் நிக்கிறே?” என்றது கேள்விக்குறி.

விரல் பட்ட சூடு ஷிப்டின் மேல் இன்னும் ஆறவில்லை.

“வருவாங்க, இரு” என்றது.