தொட்டியின் நிழல்

பெண்ணை முதன்முதலாகச் சந்திக்க வந்த மாப்பிள்ளைக்கு, வருங்கால மாமனாரிடம் தன் கணக்குப் புலமையைக் காட்ட நாக்கு துறுதுறுத்தது.

“உங்க தண்ணித் தொட்டி எவ்வளவு உயரம்னு ஏறாமலே சொல்லட்டுமா மாமா?”

“சொல்லுங்க மாப்பிள்ளை, பார்ப்போம்.”

வெயிலில் நின்று, தன் நிழலையும் தொட்டியின் நிழலையும் டேப்பால் அளந்தார்.

“தொட்டியோட நிழல் என் நிழலைவிட ஆறு மடங்கு. அப்ப உயரமும் ஆறு மடங்கு. என் உயரம்தான் ஜாதகத்தோடயே சொல்லி அனுப்பினேனே, அஞ்சடி எட்டங்குலம். ஆக, தொட்டி முப்பத்துநாலு அடி!”

“கணக்கு பிரமாதம். ஆனா தொட்டியக் கட்டினவன் நானாச்சே. அது முப்பத்திரண்டு அடிதான். அப்படின்னா நீங்க அஞ்சடி நாலங்குலம்!”

 சம்பந்தம் போச்சு என்று மாப்பிள்ளை செருப்பைத் தேடியபோது, ஜன்னலிலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

“விடுங்கப்பா! அவர் கூட்டினது நாலங்குலம். என் வயசுல நாம குறைச்சது நாலு வருஷம். சரியாப் போச்சு!”